பதமும் துறையும்: ஆடல் மரபில் மனோதர்மம் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் பதம் என்னும் வகைக்குக் கிடைத்துள்ள இடம் மிகச் சிறியது. கீர்த்தனை இலக்கியத்தின் ஒரு கிளையாக அது சுட்டப்பெறுகிறது. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் முதலியோரின் பெயர்கள் வரிசைப்படுத்தப்பெறுகின்றன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பு விளக்கப்பெறுகிறது. அத்துடன் செய்தி முடிந்துவிடுகிறது. அச்சிட்ட தாளில் படிப்போர்க்குப் பதம் எளிய பாட்டாகவே தோன்றும். ஒரு தலைவி, ஒரு தோழி, வாராத தலைவன், சில அடிகள் – இவ்வளவே அதன் புறவடிவம். சங்கப் பாடலின் செறிவையோ காப்பியத்தின் விரிவையோ எதிர்நோக்கிப் படிக்கும் புலமையாளர் அதனை எளிதிற் கடந்து சென்றுவிடுவர்.

ஆடலரங்கில் நிலை வேறு. பதத்தின் ஓரடி மீண்டும் மீண்டும் பாடப்பெறும். பாட்டின் சொல் மாறாது. அபிநயம் ஒவ்வொரு முறையும் மாறும். முன்கூட்டி எழுதி வைக்கப்பெறாத இம்மாற்றத்தை ஆடற்கலைஞர் மனோதர்மம் என்பர். சொல்லின் நேர்ப்பொருளைக் காட்டிய பின்னர், அதனைச் சார்ந்து எழும் துணைக்கருத்துகளையும் நிகழ்ச்சிகளையும் விரித்துக் காட்டுவதனைச் சஞ்சாரி என்பர். இம்மனோதர்மம் பாட்டுக்குப் புறத்தே சூட்டப்பெறும் ஓர் அணியா, அன்றிப் பாட்டினைப் பொருள்கொள்ளும் ஒரு முறையா என்னும் வினாவே இக்கட்டுரையின் அடிப்படையாகும். அது பொருள்கோள் முறையே என்பதும், தமிழ் உரைமரபு நன்கறிந்த துறை வகுத்தல் என்னும் செயலோடு அது ஒப்புநோக்கத்தக்கது என்பதும் இங்கு நிறுவப்பெறும். மைசூர் அரண்மனை மரபின் தொடர்ச்சியும் சமகால நடன முயற்சிகளும் ஒருங்கே காணப்பெறும் பெங்களூரு இவ்வாய்வுக்குரிய களமாகக் கொள்ளப்பெறுகிறது.

இருவகைக் கற்பனை

நடன அமைப்பு பற்றிய இன்றைய பேச்சில் 'உடனிகழ் கற்பனை' என்பது பெரும்பாலும் மேலைநாட்டிலிருந்து வந்த புதுமையாகவும், மரபு நடனம் என்பது வரையறுத்த அசைவுகளை மாறாது ஒப்புவிப்பதாகவும் கருதப்பெறுகின்றன. இக்கருத்து இரு பக்கமும் திருத்தம் வேண்டுவது.

மேலை நடனத்திலேயே இச்சொல் ஒரே பொருளில் வழங்கவில்லை. மெர்ஸ் கன்னிங்காம் 1950களில் நாணயத்தைச் சுண்டுதல் போன்ற தற்செயல் முறைகளால் அசைவுகளின் வரிசையைத் தேர்ந்தார். எனினும் அவ்வாறு தேர்ந்த பின்னர் ஆடுவோர் அதனை மாற்றுதற்கில்லை. ஆகவே அங்குத் தற்செயல் உண்டு. அரங்கிற் பிறக்கும் கற்பனை இல்லை. ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972-இல் தொடங்கிய தொடுகைவழி ஆட்டத்திலோ, இருவர் தம் உடல் எடையை ஒருவர்மேல் ஒருவர் சாய்த்து, அடுத்த அசைவை அந்நொடியிலேயே கண்டுகொள்கின்றனர். மூன்றாவதாக, சமகால நடனக் குழுக்கள் பலவற்றிற் காணப்பெறும் முறை ஒன்று உண்டு. பயிற்சிக்கூடத்தில் ஆடுவோர் தாமாக அசைந்து பார்க்கின்றனர். அவற்றுள் ஏற்றவற்றை அமைப்பாளர் தெரிந்தெடுத்துக் கோத்து நிலைப்படுத்துகிறார். அரங்கேறும்போது நிலைபெற்ற வடிவமே காட்டப்பெறுகிறது.

இம்மூன்றாவது முறையில் கற்பனை ஆக்கத்திற்கு முந்தியது; நிலைத்த வடிவமே அதன் முடிபு. பதத்தில் இவ்வரிசை தலைகீழாகிறது. இராகம், தாளம், சொல் ஆகியவை முன்னரே நிலைபெற்றவை. அந்நிலைபேற்றின்மேல் அரங்கிலே கற்பனை எழுகிறது. முன்னதனை ஆக்கக் கற்பனை என்றும், பின்னதனை நிகழ்த்துக் கற்பனை என்றும் இக்கட்டுரை வேறுபடுத்திக்கொள்கிறது. இரண்டும் படைப்புச் செயல்களே. ஆயினும் முன்னதற்கு மூலப்பொருள் உடலின் அசைவு. பின்னதற்கு மூலப்பொருள் ஒரு பனுவல்.

பெங்களூருவில் இவ்விரண்டும் அண்மையருகே வாழ்கின்றன. பெங்களூருவிற் பிறந்த மாயா ராவ் (1928–2014) கதக் பயின்று, பின்னர் மாஸ்கோவில் நடன அமைப்பைத் தனிக்கல்வியாகக் கற்று, 1964-இல் தில்லியில் அதற்கென ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1987-இல் பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்தது. நடனத்தை அமைப்பது என்பது ஆடுவதினின்றும் வேறான ஓர் அறிவுத்துறை என்னும் எண்ணம் இந்நாட்டில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1992-இல் தொடங்கப்பெற்ற அட்டக்களரி அமைப்பு சமகால நடனத்தில் ஒரு தலைமுறைக் கலைஞர்களை இந்நகரில் உருவாக்கியது. இதே நகரில்தான் மைசூர் அபிநய மரபும் பயிலப்பட்டு வந்துள்ளது. ஆகவே 'புதுமை – மரபு' என்னும் எளிய எதிர்நிலை இந்நகர்க்குப் பொருந்துவதன்று.

துறை வகுத்தலும் சஞ்சாரியும்

அகப்பாடல் ஒன்றைப் பொருள்கொள்ளுங்கால் நாம் முதலிற் கேட்கும் வினாக்கள் யாவை? பேசுவோர் யார், கேட்போர் யார், எச்சூழலிற் கூற்று நிகழ்கிறது, கூறப்பட்டதன்கண் கூறாது பொதிந்தது யாது என்பனவே. பாடலின் அடிகளில் இவற்றுக்கு வெளிப்படையான விடை பெரும்பாலும் இராது. தொகைநூல்களின் துறைக் குறிப்புகளே விடை தருகின்றன. அக்குறிப்புகள் பாடலின் பகுதியல்ல. பாடலைப் படித்த ஒருவர் எய்திய முடிபுகள். நற்றிணைப் பாடல்கள் பலவற்றிற்கு ஒரு துறை கூறிய பின்னர் வேறொரு துறையும் ஆம் என்று குறிப்பிட்டிருத்தல் அறிஞர் அறிந்ததே. ஒரே சொற்கள் தோழியின் அறிவுறுத்தலாகவும் அமையலாம். தலைவனை வரைவு கடாவுதலாகவும் அமையலாம். பாட்டு மாறவில்லை, துறை மாறியது, பொருளும் மாறியது.

பதத்தில் ஆடல்மகள் செய்வது இதுவே. தலைவன் வரவை வினவும் ஓரடியை எடுத்துக்கொள்வோம். முதல்முறை அது தோழியிடம் கூறும் கவலை. இரண்டாம் முறை தன் நெஞ்சிடம் கூறும் ஏளனம். மூன்றாம் முறை வேறொருத்தியின் வாயிலில் நிற்கும் தலைவனைக் கற்பித்துக் கூறும் சினம். நான்காம் முறை, தான் முன்பு அவனை நோகச்செய்த நாள் ஒன்று நினைவுக்கு வர, குரல் தாழ்ந்து கூறும் இரக்கம். பாட்டின் ஓரடிக்கு நான்கு துறைகள் வகுக்கப்பெற்றன. உரையாசிரியர் எழுத்தாற் செய்ததை ஆடல்மகள் கண்ணாலும் கையாலும் செய்தாள் என்பதே வேறுபாடு.

இவ்வொப்புமை தற்செயலானதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை முதல் உவகை ஈறாக எண்வகை மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களையும் வகுத்து, மனத்தின் நிகழ்ச்சி உடலிற் புலப்படுமாற்றைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாகவே கொள்கிறது. அவ்வியலுக்கு உரை கண்ட இளம்பூரணர் செயிற்றியம் என்னும் நாடக நூலை மேற்கோளாக ஆள்கிறார். செய்யுளைப் பொருள்கொள்ளுதற்கு நாடக வழக்கின் அறிவு வேண்டும் என்பது உரையாசிரியர் காலத்திற் புதிய செய்தியன்று. சிலப்பதிகார உரைமரபு கைத்தொழிலை எழிற்கை, தொழிற்கை, பொருட்கை எனப் பகுத்துரைப்பதும் இங்கு நினையத்தக்கது. அழகு தரும் கையும் செயலைக் காட்டும் கையும் வேறு. பொருளைத் தரும் கை வேறு. சஞ்சாரி என்பது பொருட்கை தன் எல்லை முழுவதும் விரியும் இடமாகும்.

கானல்வரி தரும் சான்று

பாட்டின் துறையை நிகழ்த்துநரும் கேட்போரும் வேறுவேறாகக் கொள்ளும்போது நேர்வது யாது என்பதற்குத் தமிழில் தலைசிறந்த சான்று கானல்வரியே. கடற்கரையில் கோவலன் யாழிசைத்துப் பாடுகிறான். அவன் பாடுபவை அகமரபிற்குரிய நெய்தற் பாட்டுகள். அவற்றின் தலைவனும் தலைவியும் பெயரற்றவர்கள். மாதவியோ அப்பாட்டுகளில் அவன் உள்ளக் குறிப்பைக் கேட்கிறாள். அவன் மனம் வேறொருத்திபால் உள்ளது எனக் கொள்கிறாள். யாழை வாங்கித் தானும் ஒரு குறிப்பு உடையாள் போலப் பாடுகிறாள். கோவலன் அதனை மெய்யாகவே வேறொருவன்மேல் மனம் வைத்தாளின் கூற்றாகக் கொண்டு பிரிகிறான். காப்பியத்தின் போக்கே அவ்விடத்தில் திரும்புகிறது.

இங்கு இருவருமே முன்னர்த் திட்டமிட்டுப் பாடவில்லை. ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டு உடனெழுந்த மறுமொழியாகிறது. மரபுப் பாட்டின் பெயரற்ற தலைவி, பாடுபவளின் உடலையும் குரலையும் பெற்ற அளவில், கேட்பவனுக்கு மாதவியே ஆகிவிடுகிறாள். நிகழ்த்துக் கற்பனையின் ஆற்றலும் இடரும் இவ்வொரு காட்சியில் அடங்கியுள்ளன. பாட்டின் கூற்று யாருடையது என்பதை அரங்கு நிலையாக விட்டுவைப்பதில்லை. பதம் ஆடிய மகளிரின் சிருங்கார அபிநயத்தை அவர்தம் வாழ்க்கையின் அறிக்கையாகவே படித்த இருபதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் பலரும் கோவலன் செய்த பிழையையே செய்தனர் எனலாம். கலைஞர் வகுத்த துறையை அவர்கள் கலைஞரின் ஒழுக்கமாகக் கொண்டனர்.

மைசூர் மரபில் மனோதர்மம்

தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான ஆடல்நிரலை ஒழுங்குபடுத்தினர் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அவருள் மூத்தவராகிய சின்னையா மைசூரில் மும்முடி கிருஷ்ணராஜ உடையாரின் அவையைச் சார்ந்திருந்தார். தஞ்சை மரபு கன்னட நிலத்தில் வேரூன்றியதில் அவருக்குப் பங்குண்டு. ஆனால் மைசூர் அரண்மனை மரபு தஞ்சையின் படியாக மட்டும் அமைந்துவிடவில்லை. அபிநயத்தில் அது தனக்கென ஒரு பெயர் பெற்றது.

அம்மரபின் தலைமகள் ஜட்டி தாயம்மா (1857–1947). அவருடைய மாணவியாகிய கே. வெங்கடலட்சம்மா (1906–2002) பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறி, பின்னர் அரண்மனை ஆடற்கலைஞராக விளங்கினார். 1965-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நடனத்துறை தொடங்கப்பெற்றபோது அதன் பொறுப்பை ஏற்றார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவரிடம் அபிநயம் பயின்ற லலிதா சீனிவாசன் பெங்களூருவில் நூபுரா பள்ளியை நிறுவி அம்மரபை இந்நகரில் தொடரச் செய்தார்.

இம்மரபில் இரு கூறுகள் நம் பொருளுக்கு இன்றியமையாதன. முதலாவது, பதம், ஜாவளி ஆகியவற்றோடு அமரு சதகம் போன்ற நூல்களின் வடமொழிச் சுலோகங்களும் அபிநயத்திற்கு எடுத்துக்கொள்ளப்பெற்றன. சுலோகம் தாளக்கட்டின்றிப் பாடப்பெறுவது. நம் விருத்தம் போன்றது. தாளம் ஓரடியை இவ்வளவு நேரத்தில் முடித்துவிட வேண்டும் என வரையறுப்பதில்லை. ஆகவே சொல்லின்மேல் எவ்வளவு நேரம் நிற்பது, எதனை விரிப்பது, எப்போது அடுத்த சொல்லுக்குச் செல்வது என்பனவற்றை ஆடல்மகளே முடிவு செய்கிறாள். பாடகர் அவள் முகம் பார்த்துப் பாடுகிறார்.

இரண்டாவது, இக்கலைஞரின் கல்வி. வெங்கடலட்சம்மா லம்பாணிக் குடியிற் பிறந்தவர். அவர் அபிநயித்த பாடல்களோ கன்னடம், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றில் அமைந்தவை. அவர் அரண்மனை வித்துவான்களிடம் வடமொழி கற்றார், பி. தேவேந்திரப்பாவிடம் கருநாடக இசை கற்றார். மனோதர்மம் பிறவியிலேயே வருவது, தாய்மொழியில் மட்டுமே இயல்வது என்னும் கருத்துகளை இவ்வரலாறு மறுக்கிறது. பனுவலை இலக்கியமாகக் கற்றவர்க்கே அதன்மேல் புதிய துறை வகுத்தல் கைகூடுகிறது. சொற்பொருள் அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்தவர், ஆசிரியர் காட்டிய கையையே மீண்டும் காட்டுதலன்றி வேறு வழியறியார். தமிழ்ப் பதங்களை ஆடும் பெங்களூரு மாணவருட் பலர்க்குத் தமிழ் வீட்டுமொழியன்று. தமிழகத்து மாணவர்க்குத் தெலுங்குப் பதங்களும் அவ்வாறே. ஆகவே மனோதர்மத்தின் தேய்வுக்கு இலக்கியக் கல்வியின் தேய்வும் ஒரு காரணமாகிறது.

நிலைபேறு எவ்வாறு வந்தது

ஆடல் மரபு என்பது தொன்றுதொட்டே மாறாதது என்னும் எண்ணம் பிற்காலத்தது. நிலைபேறு படிப்படியாக வந்த வரலாறு உண்டு. அதற்குக் குறிப்பிட்ட காரணங்களும் உண்டு.

முதலாவது, கற்கும் சூழலின் மாற்றம். பாலசரசுவதி (1918–1984) வீணை தனம்மாளின் பேர்த்தி. அவ்வீட்டில் பதங்கள் அன்றாட இசையாக ஒலித்தன. தாயார் ஜயம்மாள் அவருடைய ஆடலுக்குப் பாடினார். நட்டுவனார் கந்தப்ப பிள்ளையிடம் ஆடலும், மயிலாப்பூர் கௌரி அம்மாள் முதலியோரிடம் அபிநயமும், வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியிடம் அபிநயத்தை விரிக்கும் முறையும் அவர் பயின்றார். ஒரு பதத்தின் பல துறைகளைப் பல ஆண்டுகள் கேட்டும் கண்டும் உணரும் வாய்ப்பு அவ்வகைக் குடும்பங்களில் இருந்தது. சதிர் ஆடிய மகளிரின் வாழ்முறை இழிவுக்குள்ளாகி, 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதல் சட்டத்தால் தடுக்கப்பெற்ற காலத்தில், அக்கொடுமை நீங்கியது. உடன் அக்கல்விச் சூழலும் நீங்கியது. ஒன்றை வரவேற்கும்போது மற்றதன் இழப்பைக் கணக்கிடாமல் விட்டுவிட்டோம்.

இரண்டாவது, நிறுவனக் கல்வி. 1936-இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரம் ஆடலைப் பலர்க்கும் உரியதாக்கியது. பலர்க்குக் கற்பிக்க ஒரே வடிவம் வேண்டும். தேர்வு வைக்க ஒரே விடை வேண்டும். கர்நாடகத்தில் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் ஜூனியர், சீனியர், வித்வத் தேர்வுகள் ஆயிரக்கணக்கான மாணவரை இக்கலைக்குக் கொண்டுவந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடத்திட்டம் உருப்படியை மதிப்பிடும் அளவுக்கு அவ்வுருப்படியை வேறாக விரிக்கும் ஆற்றலை மதிப்பிடுதல் அரிது.

மூன்றாவது, குழு நடனம். கலாக்ஷேத்திரத்தின் குற்றாலக் குறவஞ்சி (1944) தமிழ்ச் சிற்றிலக்கியம் ஒன்றை அரங்கிற்கு மீட்டுத் தந்த அரிய முயற்சி. பலர் ஒருங்கே ஆடும் அமைப்பில் ஒருவர் தாமாக ஓரடியை நான்கு முறை விரித்தல் இயலாது. மற்றவர் கால் எங்கே நிற்பது? குழு நடனத்தின் அழகு ஒத்திசைவில் உள்ளது. அது குறையன்று. தனியாடலும் அதே அளவுகோலால் அளக்கப்படும்போதே இடர் தோன்றுகிறது.

நான்காவது, ஒலிப்பதிவு. முன்பதிவு செய்த பாட்டுக்கு ஆடும்போது ஓரடி எத்தனை முறை வரும் என்பது முன்னரே முடிவாகிவிடுகிறது. பாடகர் ஆடல்மகளின் முகம் பார்ப்பதற்கில்லை. பெருநகரங்களில் வாத்தியக் குழுவுக்காகும் செலவு இவ்வழக்கத்தைப் பரப்பியது. மேற்கூறிய காரணங்கள் மூன்றினும் இதுவே மனோதர்மத்திற்கு நேரடியான தடையாகும். ஏனையவற்றில் வாய்ப்புச் சுருங்குகிறது. இதில் வாய்ப்பே இல்லை.

இந்நிலையில் பாலசரசுவதி 1975 டிசம்பரில் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரை நினைவுகூரத்தக்கது. ஆடல்நிரலை அவர் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பாகிய கோபுரத்தினின்றும் படிப்படியாகச் சென்று, வர்ணத்தில் சந்நிதியை எய்தி, பதத்தில் கருவறையின் அமைதிக்குள் நுழைவதாக அவ்வொப்புமை அமைகிறது. நிரலைக் கட்டுக்குரியதாகக் கொண்டோர் இவ்வுரையை மரபுக்காப்பின் முழக்கமாகப் படித்தனர். ஒப்புமையைச் சற்று ஊன்றி நோக்கினால் வேறொன்று புலப்படும். கோயிலின் மதிலும் மண்டபமும் அளவுக்கு உட்பட்டவை. கருவறையின்முன் நிற்பவர் என்ன வேண்டுவார் என்பதற்கு அளவில்லை. நிரலின் கட்டுப்பாடு முழுவதும் பதத்தின் உரிமைக்காகவே உள்ளது என்பது அதன் உட்பொருள் எனக் கொள்ளலாம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என வரையறுத்ததும் அவ்வரங்கினுள் நிகழ்வதை அளத்தற்கன்று.

ஆவணமாக்கலின் இடர்ப்பாடு

மறையக்கூடிய கலையைப் பதிவுசெய்தல் கடமை. ஆனால் மனோதர்மத்தைப் பதிவுசெய்தல் ஒரு முரணுக்கு இடமளிக்கிறது. சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த 'பாலா' என்னும் ஆவணப்படத்தில், வியாசதீர்த்தர் இயற்றியதாக வழங்கும் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்னும் கன்னடப் பாட்டுக்குப் பாலசரசுவதி கடற்கரையில் அபிநயிக்கும் பகுதி புகழ்பெற்றது. கண்ணனை விரைந்து வருமாறு அழைக்கும் எளிய பாட்டு அது. அழைப்பவர் யசோதையா, அடியவரா, அன்புகொண்ட மங்கையா என்பதை அழைப்பு மட்டும் உரைப்பதில்லை. அபிநயமோ தாயின் அழைப்புக்கும் அடியவரின் அழைப்புக்கும் இடையே தடையின்றி நகர்கிறது. தமிழ்க் கலைஞர் ஒருவர் கன்னடத் தாசர் பாட்டுக்குக் கண்ட உரை அது எனலாம்.

அப்படத்தின் பயன் அளவிடற்கரியது. அதனால் நேரும் இடரும் உண்டு. ஒருநாள் ஒரு கடற்கரையில் எழுந்த ஓர் உரை, படத்தில் ஏறியதும், அப்பாட்டின் ஒரே உரை போன்ற நிலையை அடைந்துவிட்டது. அதே கையையும் அதே கண்ணையும் பின்பற்றுவோர் பாலசரசுவதியைப் பின்பற்றுகின்றனரா? அவர் செய்த செயல் துறை வகுத்தல். இவர் செய்வது வகுத்த துறையை ஒப்புவித்தல்.

பெங்களூருவில் அட்டக்களரி மேற்கொண்ட 'நாகரிகா' திட்டம் பரதநாட்டியத்தின் அடவுகளையும் அடிப்படை அசைவுகளையும் கணினித் துணையுடன் பகுத்துப் பதிவுசெய்தது. உடலறிவை முறைப்படத் தொகுத்த வகையில் அது போற்றத்தக்கது. ஜெர்மனியில் வில்லியம் ஃபார்சைத் 1999-இல் வெளியிட்ட குறுந்தகடு வேறு வழியிற் சென்றது. அது அசைவுகளைத் தொகுக்கவில்லை. உடனிகழ் ஆட்டத்தில் ஒருவர் எவ்வாறு முடிவெடுக்கிறார் என்னும் வழிமுறைகளைத் தொகுத்தது. முன்னது ஆடலின் எழுத்தும் சொல்லும் போன்றது; பின்னது அதன் தொடரிலக்கணம் போன்றது. பதத்திற்கு வேண்டுவது மூன்றாவதொன்று. சொல் ஒன்றன்மேல் எவ்வெப்பொருள்கள் எவ்வெக்கலைஞரால் கொள்ளப்பெற்றன என்னும் தொகுப்பே அது. அதனைப் பொருளதிகாரம் எனலாம். அத்தொகுப்பைக் கணினியாளரும் ஆடற்கலைஞரும் மட்டும் செய்துவிட முடியாது. பனுவலை ஆராயும் பயிற்சி உடையோர் அதில் இணைதல் வேண்டும்.

தமிழ்த்துறைகளின் கடமை

உ.வே. சாமிநாதையர் 1936-இல் கனம் கிருஷ்ணையரின் வரலாற்றைத் தனிநூலாக எழுதியபோது, பதங்களுடன் அவை எழுந்த சூழல்கள் பற்றிய செய்திகளையும் பதிவுசெய்தார். சங்கநூற் பதிப்பாசிரியர் பதத்தைத் தம் கவனத்திற்கு உரியதாகவே கருதினார் என்பது நமக்கு வழிகாட்டுவது. ஆனால் அவர் தொடங்கிய பணி பாடலாசிரியரோடு நின்றது. பாடலை நிகழ்த்திய மகளிர் கண்ட பொருள்களைத் தொகுக்கும் பணி இன்னும் முறையாகத் தொடங்கப்பெறவில்லை.

தமிழ்ப் பதிப்பு மரபில் இதற்கு ஏற்ற வடிவம் முன்னரே உள்ளது. ஒரு நூற்பாவுக்கோ குறளுக்கோ பல உரையாசிரியர் கூறியவற்றை ஒருங்கே திரட்டித் தரும் உரைவளப் பதிப்புகளை நாம் நன்கறிவோம். அவ்வாறே பதங்களுக்கு அபிநய உரைவளம் காணலாம். அதில் முதலில் பாடலின் பாடவேறுபாடுகள் இடம்பெறும். அடுத்து, ஒவ்வொரு வழியினரும் அப்பதத்திற்குக் கொள்ளும் கூற்றும் களனும் குறிக்கப்பெறும். பின்னர், அடிதோறும் கொள்ளப்பெற்ற சஞ்சாரிகள், அவற்றைக் கண்ட கலைஞரின் பெயருடன் தரப்பெறும். ஒரு கலைஞரின் ஒரே பதத்தை வேறுவேறு நாள்களிற் பதிவுசெய்த ஒளிப்படங்கள் கிடைப்பின் அவை அருகருகே வைத்து ஒப்பிடப்பெறும். ஒரே பதிவு மூலமாகிவிடும் இடர் இதனால் நீங்கும். பரிமேலழகர் கொள்வது இது, மணக்குடவர் கொள்வது இது என நாம் உரைப்பதுபோல, இவ்வடிக்கு வெங்கடலட்சம்மா கொண்டது இது, பாலசரசுவதி கொண்டது இது என உரைக்கும் நிலை உருவாக வேண்டும்.

இதனால் விளையும் பயன் கலைத்துறைக்கு மட்டும் உரியதன்று. பெண்பாற் புலவர்களைச் சங்க இலக்கியத்தில் எண்ணிக் காட்டும் நாம், பெண்பால் உரையாசிரியர் தமிழில் ஏன் இல்லை என்னும் வினாவை அரிதாகவே எழுப்புகிறோம். ஏட்டில் உரை எழுதும் வாய்ப்பு பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அரங்கில் உரை செய்யும் வாய்ப்பை ஒரு சாரார் பெற்றிருந்தனர். அவர்தம் சமூக நிலைக்காக அவ்வுரையையும் சேர்த்தே புறக்கணித்தோம். உரை என்பதற்கு எழுத்து வடிவம் ஒன்றே தகுதி எனக் கொண்டமையின் விளைவு இது.

முடிவுரை

பதத்தில் நிகழும் மனோதர்மம் பனுவலைப் பொருள்கொள்ளும் ஒரு முறை என்பதும், துறை வகுத்தலோடு அது நெருங்கிய உறவுடையது என்பதும் மேற்கூறியவற்றாற் பெறப்படும். பயிற்சிக்கூடத்திற் பிறந்து அரங்கில் நிலைபெறும் ஆக்கக் கற்பனையும், நிலைபெற்ற பாட்டின்மேல் அரங்கிற் பிறக்கும் நிகழ்த்துக் கற்பனையும் வேறுவேறு. ஒன்றன் அளவுகோலால் மற்றதை அளத்தல் பொருந்தாது. ஆடல் மரபின் நிலைபேறு கற்கும் சூழல், தேர்வு, குழுவமைப்பு, ஒலிப்பதிவு ஆகிய காரணங்களால் அண்மைக் காலத்தில் மிகுந்தது. மரபின் இயல்பாகவே அமைந்ததன்று. மைசூர் மரபுக் கலைஞரின் வரலாறு, இலக்கியக் கல்வியே மனோதர்மத்தின் ஊற்று என்பதைக் காட்டுகிறது.

அரங்கேற்று காதை ஆடலாசானையும் இசையாசானையும் கூறிய பின்னர், தண்ணுமை ஆசானைக் கூறுமுன், நன்னூற் புலவனுக்கு இடம் தருகிறது. மாதவியின் அரங்கேற்றத்திற்குத் தமிழ் கற்ற ஒருவன் வேண்டப்பட்டான். இன்றைய ஆடலரங்கில் அவ்விடம் பெரும்பாலும் வெற்றிடமாக உள்ளது. அதனை நிரப்புதல் தமிழ்த்துறைகளின் பொறுப்பு.